அப்பா அடுப்பு மூட்டிய மழைக்காலம்

போன கிழமை நம் வகுப்புக்காரர்கள் குழுவில் ஒருத்தி போட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திறந்து வைத்த குளிர்ப்பெட்டி. உறைபெட்டித் தட்டில் பாதிப் பை பட்டாணி, ஐஸ் பிடித்த ரொட்டிக் கட்டு, எப்போதோ வாங்கி மறந்துபோன மீன் துண்டு. பக்கத்து அலுமாரியில் ஒரு டின் மீன், கொஞ்சம் பருப்பு, ரெண்டு உருளைக்கிழங்கு. "வெளிய கால் வைக்க முடியாத மழை. இதை வச்சு என்ன சமைக்கிறதுன்னு சொல்லுங்கடி" என்று கீழே எழுதியிருந்தாள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். நானும் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு வரி எழுதியதுமே அப்பா நினைப்பில் வந்துவிட்டார். போனில் தட்டி முடிகிற கதை இல்லை அது. அதனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன். நம் வயசில் இனிப் பொறுமைக்கு என்ன பஞ்சம், வாசியுங்கள்.

அப்பாவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தூள் ஆக்குகிற ஸ்டோரில் வேலை. கொழுந்தை வாட்டுகிற மாடியில் நின்று அவருடைய சட்டை, தலைமுடி, புருவம் எல்லாவற்றிலும் தேயிலை வாசம் ஏறியிருக்கும். ஒல்லியான ஆள். அதிகம் பேச மாட்டார். யாராவது சத்தமாகப் பேசினால் தலையைக் குனிந்துகொள்வார். அவரைப் பயந்த ஆள் என்றுதான் வரிசை வீடுகள் ஒட்டிய எங்கள் லயமே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குப் பதினொரு வயசு. ஆறாம் வகுப்பு. தங்கச்சி முதலாம் வகுப்பு. அந்த வருஷம் ஆனி மாத மழை விடவே இல்லை. அம்மா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கும்போது கால் வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்துபோனது. கொழுந்து லொறியிலேயே ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு. காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். எலும்பு கூடி எழுந்து நடக்கத் தீபாவளி ஆகிவிடும் என்று அப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அம்மாவின் நனைந்த கூடையைச் சுவரில் மாட்டினார். அதிலிருந்து ராத்திரி முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன். தோட்டத்தில் கங்காணி. காக்கிக் கோட்டு, தொப்பி, கையில் கம்பு. அப்பாவுக்கு மீசை முளைக்கும் முன்னமே அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் போய்விட்டதால் பெரியப்பாதான் வளர்த்தார். அவர் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

"புள்ளையப் பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிருவோம்டா" என்றார் என்னைக் காட்டி. "தீபாவளி வரைக்குந்தானே. சோறாக்கட்டும், சின்னவளப் பாத்துக்கட்டும். அம்மாக்காரி வந்தப்புறம் திரும்பப் போகட்டுமே."

அவருக்குப் பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். எனக்கு அக்கா. பெரியம்மாவுக்கு இழுப்பு நோய் வந்து, புகைப் பக்கமே போகக் கூடாது என்று ஆன பிறகு அக்காவையும் இதே மாதிரி "ரெண்டு மாசம்" என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வருஷங்கள் போய்விட்டன. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "பாப்போம்ணே" என்றார்.

நம் ஊரில் பெரியவர்களிடம் பாப்போம் என்றால் சரி என்றுதானே அர்த்தம். அன்றைக்குக் கம்பளிக்குள் முகத்தை வைத்து அழுதேன். அப்பா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று கோபம்.

விடிகாலையில் புகை வாசத்தில் கண் முழித்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் இருந்தது. லயத்தில் யார் நடந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மூலையில் அப்பா குந்தியிருந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், மிலாறு என்போமே, அது ஈரத்தில் பற்ற மாட்டேன் என்கிறது. ஊதி ஊதிக் கண் சிவந்துபோயிருந்தது. தொடையில் கோதுமை மா. தலையிலும் கோதுமை மா.

"எந்திரி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

"சமையல், அப்பா?"

"அது என் வேல."

அவ்வளவுதான் பேசினார். அந்த முதல் ரொட்டியைப் பற்றி மரியாதையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை. தங்கச்சி அதை வாசற்படியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சத்தம் போடுது" என்றாள். அப்பா ஒரு துண்டு கடித்து நெடுநேரம் மென்றார்.

"தேத்தண்ணியில முக்கிச் சாப்பிடுங்க. வயித்துக்குள்ள போய் ஊறிரும்."

முக்கிச் சாப்பிட்டோம். பள்ளிக்கூடம் போனேன்.

தண்ணீர் பிடிக்கிற பீலியில் பெண்களுக்கு அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. "என்ன தம்பி, பொஞ்சாதி வந்ததும் ரெண்டு பேருமா ஹோட்டல் போடப் போறீங்களா?" என்று ஒரு அத்தை கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் இன்னும் மோசமாகக் கேட்டார்கள், அதை எழுத வேண்டாம். பக்கத்துக் காம்பரா மதினி மட்டும், "நான் சேத்து ஆக்கித் தர்றேங்க" என்றார்.

அப்பா கும்பிட்டார். "உங்களுக்கே விடிஞ்சா பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். வேணாங்க மதினி. பருப்புக்கு உப்பு எப்பப் போடணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார். வெட்கப்படாமல் கேட்பார். சொன்னதை மறக்க மாட்டார். மாவைப் பிசைந்து, ஸ்டோரில் வாடின கொழுந்தைப் பார்ப்பது மாதிரி ஒரு பிடி எடுத்துக் கைக்குள் அமுக்கி, விரித்துப் பார்ப்பார். ரெண்டாம் கிழமையில் ரொட்டி சத்தம் போடுவதை நிறுத்தியது. மூன்றாம் கிழமையில் தங்கச்சி இன்னொன்று கேட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் மட்டும் கண்டிக்குப் போய் அம்மாவைப் பார்த்து வருவார். ஒரு ஞாயிறு எங்களையும் கூட்டிப்போனார். பெரிய வார்டு. டெட்டோல் வாசம். அம்மாவின் கால் அந்தரத்தில் தொங்கியது. தங்கச்சி பயந்து என் பின்னால் ஒளிந்தாள். அம்மா என் கையைத்தான் முதலில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு அது ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. சுட்ட தழும்பைத் தேடியிருக்கிறாள். வெங்காய வாசத்தைத் தேடியிருக்கிறாள். கேரியரில் வந்த சாப்பாடெல்லாம் நான் ஆக்கியது, என் படிப்பு போய்விட்டது என்று நினைத்து அத்தனை நாளும் படுத்துக் கிடந்திருக்கிறாள். அப்பாவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

என் விரலில் மைக்கறைதான் இருந்தது.

"யாருடி சமைக்கிறா?"

நான் அப்பாவைக் காட்டினேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரா?" அம்மா கேரியரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அந்தப் பருப்பும் இவரா?"

"ஆமா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் வலிக்கும். வலிக்கிறது என்று அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி என்னமோ ஆகிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட்டாள். சிரித்து முடித்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "மஞ்சளக் கொறைங்க. போன கிழமை சாப்பிட்டு ஊறுகா போட்ட மாதிரி இருந்துச்சு நாக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் தீர்ப்பு வரும். அப்பா பஸ்ஸில் இருந்து இறங்கி மலை ஏறி வரும்போதே நாங்கள் ஓடிப்போய்க் கேட்போம். "சம்பல் பரவாயில்லயாம். கருவாட்ட இன்னும் கொஞ்சம் நேரம் ஊறப் போடணுமாம்." பரவாயில்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா ஒரு கிழமை சந்தோஷமாக இருப்பார்.

எங்கள் வீட்டு அலுமாரி என்ன தெரியுமா? ஸ்டோரில் மூலை உடைந்ததால் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்று. பலகைப் பெட்டி, உள்ளே வெள்ளித் தாள் ஒட்டியிருக்கும். அதில்தான் எல்லாம். கோதுமை மா, பருப்பு, பாசிப்பயறு, நெத்தலிக் கருவாடு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கிழங்கு, எப்போதாவது ஒரு டின் மீன், அப்போது புதிதாக வந்திருந்த சோயா மீட். எதைத் தொட்டாலும் லேசாகத் தேயிலை மணக்கும். அப்பா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்னால் குந்தி, கொஞ்சநேரம் சும்மா பார்ப்பார். நாங்களும் ரெண்டு பக்கமும் குந்திப் பார்ப்போம். "ம்" என்பார். அன்றைக்குச் சாப்பாடு முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு டின் மீனை மூன்று கிழங்கோடு சேர்த்து, மீன் எது கிழங்கு எது என்று தெரியாதபடி பிரட்டி விடுவார். மிஞ்சிப்போன ரொட்டியைப் பிய்த்து, வெங்காயத்தோடும் முட்டையோடும் வதக்கி, கொத்து ரொட்டிக் கடைக்காரன் மாதிரி ரெண்டு கரண்டியால் தட்டித் தாளம் போடுவார், தங்கச்சிக்காக. மாவை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துத் தருவார். பருப்பு இறக்குகிறபோது பொரித்த நெத்தலியை மேலே தூவுவார். அந்தச் சூட்டில் அது உஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டு அடங்கும். நான் எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சாப்பிட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு நாக்கில் எச்சில் ஊறிய மாதிரி எதற்கும் ஊறியதில்லை.

சிக்கல், அவருக்கு ராத்திரி ஷிப்டு வந்த கிழமைகளில்தான். பின்னேரம் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் ஸ்டோருக்குப் போயிருப்பார். அதற்கு வழி கண்டுபிடித்தவர் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர்.

கொட்டகலை பஸ் நின்று எங்களை இறக்கிவிடும் முச்சந்தியில் நானாவின் கடை. அந்தச் சுற்று வட்டாரத்திலேயே அவரிடம்தான் ஐஸ் பெட்டி இருந்தது. பெரிய வெள்ளைப் பெட்டி. மூடியைத் திறந்தால் புகை மாதிரிக் குளிர் வெளியே வரும். அதற்குள் ஐஸ்பழம், மீன், இறைச்சி. வெளியே மூக்கு உறைகிற குளிர் அடிக்கிற ஊரில் இந்த மனுஷன் எதற்குக் காசு கொடுத்துக் குளிரை வாங்கி வைத்திருக்கிறார் என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பா அவரிடம் யோசனை கேட்டிருக்கிறார். நானா சொன்னாராம்: "மீன் பத்து நாள் இருக்குதுண்டா மீன் கறி இருக்காதா? ஆக்கி, ஆற வச்சு, பையில கட்டிக் கொண்டு வாங்க அண்ணே. பாப்பம்."

அன்றைக்கே அப்பா மூன்று சட்டி ஆக்கினார். இஸ்தோப்பு மதிலில் வரிசையாக வைத்ததும் மலைக்காற்று நிமிஷத்தில் ஆற வைத்துவிட்டது. ஒரு வேளைக்கு ஒரு பொலித்தீன் பை. வாயை நூலால் கட்டினார். சிவப்பு நூல் மீன், பச்சை நூல் பயறு, வெள்ளை நூல் பருப்பு. நானா பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

"உங்க சாமான் எல்லாம் இந்த டின்னுக்குள்ள. மூடி இறுக்கம். என்ட மாட்டு இறைச்சி இதுல படாது. அது என் பொறுப்பு, நீங்க யோசிக்க வேணாம். உங்க மீன் வாசம் என் ஐஸ்பழத்துல படாம இருந்தா சரி."

பின்னேரம் பஸ்ஸில் இருந்து இறங்கினால், "வாங்க மகள், இன்றைக்கு என்ன நிறம்?" என்று கேட்பார். தங்கச்சி நிறத்தைச் சொல்வாள். கல் மாதிரி ஒரு கட்டியைப் பேப்பரில் சுற்றித் தருவார். அதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுவோம். முதுகு விறைத்துப்போகும். ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிச் சுமப்போம். வீட்டில் அப்பா சோற்றுச் சட்டியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். அது இன்னும் கதகதப்பாக இருக்கும். சுட வைப்பது மட்டும் என் வேலை. கட்டி சட்டியில் டங்கென்று விழும். ஓரத்தில் இருந்து மெல்ல இளகி, திடீரென்று சனிக்கிழமை வாசம் வரும். அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் தங்கச்சி ரகசியமாக ஒரு பையின் மூலையைக் கிழித்து நக்கிப் பார்த்துவிட்டாள். ஐஸ்பழம் மாதிரிதானே இருக்கிறது என்று நினைப்பு. பாதி வழியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். "என்னடி?" என்றேன். "பருப்பு ஐஸ்பழம் நல்லாவே இல்ல" என்றாள். இதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்.

பெரியப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. ஒருநாள் இஸ்தோப்புக்கு முன்னால் வந்து நின்று, அப்பா ரொட்டி தட்டுவதைப் பார்த்துவிட்டு, கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை வகுப்பில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ இனிமே வரமாட்டியாமே? உங்க பெரியப்பா வந்து பள்ளிக்கூட அதிபர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுறாராம்."

அன்றைக்கு மலை ஏறியது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா ஷிப்டு முடிந்து விடிகாலையில் வந்ததும் சொன்னேன். அவர் படுக்கவில்லை. முகத்தைக் கழுவினார். எங்கள் ரெண்டு பேருக்கும் ரொட்டி சுட்டுக் கட்டினார். பிறகு எங்களோடு பஸ் ஏறினார்.

அதிபரின் அறையில் பெரியப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. புருவத்தில் தேயிலைத் தூசி. மணிக்கட்டில் காய்ந்த மா.

"உங்க அண்ணன் சொல்றாரு, வீட்டுல சமைக்க ஆள் இல்லன்னு" என்றார் அதிபர்.

"இருக்குங்க ஐயா."

"யாரு?"

"நான்தாங்க."

பெரியப்பா எழுந்துவிட்டார். "ஊரே சிரிக்குதுங்க ஐயா. பொட்டப்புள்ள வீட்டுல இருக்கையில இவன் இஸ்தோப்புல குந்தி அடுப்பு ஊதுறான். பெரட்டுக் களத்துல என்னால தலைநிமிந்து நிக்க முடியல."

அப்பா தலையைக் குனிந்தார். முடிந்தது என்று நினைத்தேன். குனிந்தபடியே பேசினார்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்ணே. புள்ளைக்குச் சோறு போடுறது என் கடமதானே. சம்பாரிச்சுப் போட்டா என்ன, ஆக்கிப் போட்டா என்ன?" பிறகு அதிபரிடம், "பேர வெட்டாதீங்க ஐயா. அவ ஒரு நாளும் பசியோட வரமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு."

பேசி முடித்ததும் மணிக்கட்டில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். அது முழுக்க உதிர்ந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தேன். தன்னை வளர்த்த அண்ணனுக்கு எதிராக வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசுகிறார் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பாப்போம் என்று சொன்ன அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார் என்பதும் எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

அதிபர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "போய் வகுப்புல உக்காரும்மா" என்றார் என்னிடம்.

அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரே லயம். எதிரெதிரே வந்தால் பெரியப்பா மலையைப் பார்ப்பார், அப்பா மண்ணைப் பார்ப்பார். பெரியப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று அப்போது நினைத்தேன். அப்பா செய்தது சரி என்று ஒப்புக்கொண்டால், தன் மகளுக்குத் தான் செய்தது என்ன என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அதை அந்த மனுஷன் எப்படித் தாங்குவார் என்று நினைக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆவணியில் ஒரு பெருங்காற்று அடித்தது. மரங்கள் ரோட்டில் விழுந்தன, மின்கம்பிகள் அறுந்தன. பஸ் இல்லை. பேக்கரிப் பாண் லொறியும் வரவில்லை. மறுநாள் மத்தியானம் நானா ஆள் அனுப்பினார்: கரண்ட் இல்லை, பெட்டி உருகுகிறது, உடனே வாங்க.

நாங்கள் போனபோது நானா பெட்டிக்கு முன்னால் கவலையாக நின்றார். தரையெல்லாம் தண்ணீர். எங்கள் டின்னை எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே கையை விட்டு, சாளை மீனை அள்ளி அள்ளி ஒரு சாக்கில் போட்டார்.

"இதையும் தூக்கிக்கங்க அண்ணே. நாளைக்கு இத நான் மண்ணுலதான் புதைக்கணும். நாலு வீடு சாப்பிட்டா என் மனசு ஆறும்."

அப்பா கோயிலில் இருந்து பெரிய சட்டியை வாங்கி வந்து இஸ்தோப்புக்கு வெளியே கல் கூட்டினார். நனைந்த மிலாறு புகைந்தது. முதலில் வந்தது பீலியில் சிரித்த அதே அத்தை. அரிவாள்மணையோடு வந்து, உட்கார்ந்து மீன் ஆய ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொரு காம்பராவில் இருந்தும் ஏதோ ஒன்று வந்தது. ஒரு சுண்டு அளவு மா, ஒரு கை மிளகாய், அரைமூடித் தேங்காய், தீர்ந்துபோகாமல் ஒளித்து வைத்திருந்த புளி. எங்கள் டின்னில் இருந்த பருப்பு, பயறு எல்லாம் உருகிவிட்டதால் பைகளை அவிழ்த்து ஒரே சட்டியில் கொட்டி இன்னொரு கறி ஆக்கினார் அப்பா. ரொட்டி சுட ஆண்களும் உட்கார்ந்தார்கள். யார் கேலி செய்ய முடியும், எல்லோர் கையிலும் மா. மழைத் தூறலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயமே சாப்பிட்டது. அந்த மீன் குழம்பின் புளிப்பு இப்போதும் தாடையில் இருக்கிறது.

அக்கா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அப்பா அதை நிறைத்து, "உங்கப்பாவுக்கும் சேத்துத்தாம்மா" என்றார்.

அக்கா போகவில்லை. "சித்தப்பா, நீங்க அப்பாகிட்ட ஒரு தடவ சொல்லுவீங்களா?"

"என்னத்தம்மா?"

"நான் இப்பப் பள்ளிக்கூடம் போனாலும் எழுத்துக் கூட்டி வாசிச்சிருவேன்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். கரண்டியை எடுத்து இன்னொரு மீனை வைத்தார். "மொதல்ல சூடா சாப்பிடச் சொல்லு" என்றார்.

மறுநாள் அக்கா என் காதில் சொன்னாள்: "ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. யார் ஆக்குனதுன்னு கேக்கவே இல்ல."

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா வந்தாள். கையில் ஊன்றுகோல். குந்த முடியாது. அதனால் அடுப்பு அப்பாவிடமே இருந்தது. அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "தாளிக்கிறது கருகுது, தாளிக்கிறது கருகுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா கேட்காத மாதிரி இருப்பார். கருகவும் செய்யாது.

அம்மாவைப் பார்க்கப் பெரியப்பா வந்துதான் ஆக வேண்டும். வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உக்காருங்க" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்காரி தெனம் அழுவாங்க. அவங்க வீட்டுல மூத்த புள்ளைய நிப்பாட்டிட்டாங்களாம். நான் அழலங்க. அதுதான் எனக்கு எலும்பு சீக்கிரம் கூடிருச்சு."

அப்பா தேத்தண்ணியும், ஒரு தட்டில் வறுத்த மா உருண்டையும் கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா ஒன்றை எடுத்து முழுதாகத் தின்றார். போகும்போது அப்பாவும் கூடவே வளைவு வரைக்கும் நடந்தார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தூரத்தில் இருந்து பார்த்தால் ரெண்டு பேரும் நின்று மழையைப் பார்ப்பது மாதிரித்தான் இருந்தது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது எங்கள் வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் உயரமாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியும். பாவாடையின் ஓரத்தை நீளமாக மடித்துத் தைத்திருந்தாள், பல வருஷத்துக்கு வேண்டும் என்கிற மாதிரி. டீச்சர் பேர் கூப்பிட்டபோது "உள்ளேன்" என்று அவள் சொன்ன சத்தத்துக்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அடுத்த நாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரியம்மா புகை படாத மூலையில் கம்பளியோடு உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடுப்பு மூலையில் கங்காணி குந்தியிருந்தார். காக்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மாவு பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு கையால் மறுகையை வழிக்கப் பார்க்கிறார், அது இந்தக் கைக்கு வந்துவிடுகிறது.

என்னைப் பார்த்ததும் முறைத்தார்.

"என்ன பாக்கிற? ஓடு. உங்கப்பாவ வரச் சொல்லு."

நான் ஓடத் திரும்பினேன்.

"இந்தாடி, நில்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லாத." சத்தத்தைத் தாழ்த்தினார். "சும்மா இந்தப் பக்கம் வர்ற மாதிரி வரச் சொல்லு."

போய்ச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஒரு சுண்டு மாவை அளந்து துண்டில் முடிந்துகொண்டு, சும்மா அந்தப் பக்கம் போகிறவர் மாதிரி, மெதுவாக நடந்து போனார்.